பழைய காரின் முன் டயர் ஓரம் தேய்கிறதா? 3டி மெஷினா, நூலா, கிங் பின் வேலையா

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. முன் டயர் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகிவிட்டது, கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டுக்கு (சக்கரங்கள் நிற்கிற கோணத்தை அளந்து சரிசெய்வது) விடலாமா, கிங் பின்னைக் (முன் சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக இருக்கிற தண்டு) கழற்றலாமா, இல்லை டயரையே மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா? முதல் வேலைக்குச் சில நூறு ரூபாய், ஒரு மணி நேரம். இரண்டாவதற்கு வண்டி பல நாள் ஷெட்டில் நிற்கும், லேத்துக்கு அலைய வேண்டும். மூன்றாவது உடனே முடிந்துவிடும், ஆனால் புது டயரும் அதே கதிக்குத்தான் போகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் (பாகங்கள் தேய்ந்து சக்கரத்தில் வருகிற தளர்ச்சி) இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. முதலில் ஆட்டத்தை எடுக்க வேண்டும், அடுத்து வண்டி நிற்கும் உயரம், அதற்கப்புறம்தான் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கின்றன என்பது. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் எவ்வளவு நல்ல மெஷினில் ஏற்றினாலும் பலன் ஒரு மாதம்கூட நிற்காது.

நான் சொல்வது நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளுக்கு: மோரிஸ் மைனர், அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மைனரிலும் அம்பாசடரிலும் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கப்பட்டு ஸ்பிரிங்காக வேலை செய்கிற நீளக் கம்பி), ஸ்டீயரிங் ராக் அண்ட் பினியன் (பல் வைத்த சட்டத்தைப் பல்சக்கரம் நகர்த்துகிற வகை). பத்மினி என்பது ஃபியட் 1100தான், அதில் காயில் ஸ்பிரிங்கும் கிங் பின்னும் தனி ஸ்டீயரிங் பாக்ஸும். ஹெரால்டில் மேலே பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), கீழே பித்தளை ட்ரனியன் (சக்கரம் திரும்புகிற தண்டின் கீழ்முனை மரையில் உட்காரும் கட்டை). நான்கும் ஒரே விதம் கிடையாது, அதனால் ஒரு வண்டிக்குச் சரியாக வந்த வைத்தியத்தை அடுத்த வண்டிக்கு அப்படியே செய்யக் கூடாது.

டயர் சொல்வதைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவைத்துவிட்டு, முன் டயரின் பட்டன் (ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டங்கள்) மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். வெளி ஓரத்திலிருந்து உள்ளே தடவும்போது வழுவழுப்பாகப் போய், உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் ரம்பப் பல் மாதிரி விரலில் பிடித்தால் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே குவிந்திருப்பது) அதிகம். எதிர்ப்பக்கம் பிடித்தால் டோ-அவுட் (முன்பக்கம் வெளியே விரிந்திருப்பது). கண்ணுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாடியே கைக்குத் தெரிந்துவிடும் என்பதால் காற்று பிடிக்கும்போதெல்லாம் இதைச் செய்வது நல்லது.

ரம்பப் பல் இல்லாமல் ஒரே ஓரம் சீராக மழுங்கியிருந்தால் அது பெரும்பாலும் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. அங்கங்கே குழி குழியாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், வீல் பேலன்ஸ் இல்லாமல் இருக்கலாம், பேரிங் ஆடலாம். இரண்டு ஓரமும் போய் நடு மட்டும் நின்றால் காற்றுக் குறைவு, நடு மட்டும் போனால் காற்று அதிகம். இந்தக் கடைசி விஷயம் அற்பமாகத் தோன்றும், ஆனால் பழைய வண்டிகளில் ரொம்ப சகஜம், ஏனென்றால் பெட்ரோல் பங்க்கில் எந்த வண்டி வந்தாலும் முப்பதுக்குக் குறையாமல் அடித்துவிடுகிறார்கள். கிராஸ்பிளை டயர் (உள்ளே நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்கே போகிற பழைய வகை) போட்ட மைனரின் முன்பக்கத்துக்குக் கையேட்டில் இருப்பது 22 பி.எஸ்.ஐ. இன்றைய வகையான ரேடியல் போட்டிருந்தால் அதைவிடக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், அதற்காக இன்றைய காருக்கு அடிக்கிற அளவு அடித்தால் நடுப்பகுதிதான் முதலில் தேயும்.

டோ தப்பாக இருந்தால் சேதம் எவ்வளவு என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 14 அங்குல ரிம்மின் விளிம்பில் அளந்தால் இரண்டு சக்கரமும் சேர்த்து 6 மி.மீ. பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 3 மி.மீ. ரிம்மின் குறுக்களவு ஏறத்தாழ 380 மி.மீ. அந்தக் கோணத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு டயரும் சுமார் 8 மீட்டர் பக்கவாட்டில் ரோட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒருமுறை போய்வந்தால் ரப்பர் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிங் பின் வேலையா, அலைன்மென்ட்டா

இதை முடிவு செய்ய மெக்கானிக் தேவையில்லை, ஜாக்கியும் கூட ஒரு ஆளும் போதும். டார்ஷன் பார் வண்டியில் ஜாக்கியைச் சேஸிஸுக்கு அடியில் வைக்காமல் லோயர் ஆர்முக்கு (சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கை) அடியில், சக்கரத்தை ஒட்டி வைத்துத் தூக்குங்கள். சேஸிஸில் தூக்கினால் டார்ஷன் பார் ஆர்மைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும், தேய்ந்த இடத்தில் ஆட்டம் இருந்தாலும் கைக்கு அகப்படாது. பல வண்டிகளில் ‘கிங் பின் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிடுவதற்கு இதுதான் காரணம்.

சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், கூட இருப்பவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங், கழற்றி கிரீஸ் வைத்து டைட் செய்தாலே போதுமானதாக இருக்கலாம். பிரேக்கைப் பிடித்த பிறகும் ஆடினால் கிங் பின், ட்ரனியன், புஷ் (பின்னையோ போல்ட்டையோ சுற்றியிருக்கிற குழல்) இவற்றில் ஏதோ ஒன்று. இடது வலதாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டு (ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியின் முனை), ராக், பத்மினி என்றால் ஸ்டீயரிங் பாக்ஸையும் ஐட்லர் ஆர்மையும் பாருங்கள்.

மேலும் கீழும் ஆடுகிற வண்டிக்கு அலைன்மென்ட் ஏன் நிற்காது? பின் சக்கரம் தள்ளும் வண்டி ஓடும்போது முன் சக்கரங்களை ரோடு பின்னோக்கி இழுக்கிறது, இருக்கிற தளர்ச்சியெல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்து சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிகின்றன. அதை ஈடுகட்டத்தான் நிற்கும்போது கொஞ்சம் டோ-இன் வைக்கிறார்கள். தளர்ச்சி அளவுக்கு மேல் போனால், நிற்கும்போது அளந்த எண்ணுக்கும் ஓடும்போது இருக்கிற எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது.

மைனர்காரர்களுக்கு இதில் டயரைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கீழ் ட்ரனியனின் மரை தேய்ந்தால் ஒருநாள் கிங் பின் அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும், சக்கரம் அப்படியே மடிந்து வண்டி மூக்கில் உட்காரும். மைனருக்கு உலகம் முழுக்கத் தெரிந்த நோய் இது. அதனால் மைனரில் கீழே ஆட்டம் தெரிந்தால் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், ஓட்டுவதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். மைனருக்கு இந்தப் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.

ஹெரால்டில் கதை வேறு. அதன் ட்ரனியனுக்கு கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான், இபி 90 மாதிரி. கிரீஸ் அடித்தால் மரைக்குள் முழுதாக இறங்காது, அது காய்ந்து, தண்ணீர் புகுந்து துருப்பிடித்து, கடைசியில் வெர்டிகல் லிங்க் (ட்ரனியனில் திருகியிருக்கிற செங்குத்துத் தண்டு) மரைப் பகுதியிலேயே உடையும். கிரீஸ் கன் வைத்திருக்கிற எந்த ஷெட்டும் நிப்பிளைப் பார்த்தால் கிரீஸைத்தான் அடிக்கும், நீங்கள்தான் பக்கத்தில் நின்று ஆயில் என்று சொல்ல வேண்டும். வலது இடது ட்ரனியன்களுக்கு மரை எதிரெதிர் திசை என்பதையும் கடையில் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

புஷ் வகை கிங் பின் உள்ள வண்டி என்றால் புஷ்ஷை அடித்து இறக்கியதும் வேலை முடிந்துவிடாது, ரீமர் (துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியான அளவுக்கு விரிக்கிற கருவி) போட்டுப் பின்னுக்குப் பொருந்தும்படி அளவெடுத்தாக வேண்டும். ‘பழைய பின் நல்லா இருக்கு சார், புஷ் மட்டும் போதும்’ என்று சொன்னால் பின்னை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், நகத்தால் வருடினால் படி தட்டுகிறதென்றால் அதுவும் போய்விட்டது. செட்டாக மாற்றுவதில் காசு அதிகம்தான், ஆனால் பாதி வேலை செய்து ஆறு மாதத்தில் மறுபடி கழற்றுவதைவிட அது மலிவு. பாகம் தேடுபவர்களுக்கு சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும், அம்பாசடருக்கு கொல்கத்தாவின் மல்லிக் பஜாரும்.

ரப்பர் புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போது முழு டைட் செய்யக் கூடாது. இறக்கி, நாலு சக்கரத்தில் பாரம் உட்கார்ந்த பிறகுதான். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும், அந்த முறுக்கு வண்டியின் உயரத்தையும் கொஞ்சம் தூக்கிவைக்கும், அந்த உயரத்தில் எடுத்த அலைன்மென்ட்டும் பொய்யாகிவிடும். பாலியூரித்தேன் புஷ்ஷா ரப்பரா என்று கேட்டால், தினமும் ஓட்டுகிற வண்டிக்கு பாலி நீடிக்கும், எண்ணெய் பட்டாலும் ஊறாது. ஆனால் நம் ரோட்டில் குலுக்கல் அதிகமாகத் தெரியும், சிலதில் கீச்சுச் சத்தமும் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு நான் நல்ல ரப்பரையே போடுவேன்.

3டி மெஷினா, பழைய கேஜா, வீட்டு வாசலில் நூலா

ஆட்டமெல்லாம் எடுத்தாயிற்று, வண்டி இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டார்ஷன் பார் தொய்ந்து ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கேம்பரும் அதோடு மாறிவிடும், முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் இந்தக் கேள்விக்கே வர வேண்டும்.

3டி மெஷினில் (கம்ப்யூட்டர் அலைன்மென்ட் என்பது இதுதான்) பெரிய லாபம், அது நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. கேம்பர், காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு), பின் ஆக்சில் எந்தப் பக்கம் பார்க்கிறது, எல்லாம் திரையில் வந்துவிடும். லீஃப் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் உடைந்து பின் ஆக்சில் கொஞ்சம் நகர்ந்திருந்தால் முன்னாடி எவ்வளவு சரிசெய்தாலும் வண்டி கோணலாகத்தான் போகும், அதை முன் சக்கரத்தை மட்டும் அளக்கிற முறைகள் காட்டிக்கொடுக்காது. மைனருக்குக் கையேட்டின்படி கேம்பர் 1 டிகிரி பாசிட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருப்பது), காஸ்டர் 3 டிகிரி, இரண்டையும் திருப்பிச் சரிசெய்ய எந்தப் போல்ட்டும் கிடையாது. அப்படியானால் மெஷினில் ஒரு பக்கம் மட்டும் எண் ரொம்ப விலகியிருக்கிறது என்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது அல்லது தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வண்டிகளுக்கு அந்த மெஷினின் உண்மையான உபயோகம் இதுதான், வைத்தியத்துக்கு முன்னால் ஒரு நல்ல பரிசோதனை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மெஷினில் இருக்கிற வண்டிப் பட்டியலில். உங்கள் வண்டி அதில் இல்லாவிட்டால் பையன் ஏதாவது ஒரு சின்ன ஹேட்ச்பேக்கைத் தேர்ந்தெடுத்து, எல்லாம் பச்சையாக வரும்வரை திருப்பிவிட்டு, பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். முன் சக்கரம் இழுக்கிற அந்த வண்டிகளில் பலவற்றுக்கு டோ பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அதை உங்கள் வண்டிக்கு வைத்தால் ஓடும்போது டோ-அவுட் ஆகி, நேர் ரோட்டிலேயே ஸ்டீயரிங் அலைந்துகொண்டிருக்கும். எனவே எண்ணை நீங்கள் எழுதி எடுத்துப் போங்கள். மைனருக்கு டோ-இன் 3/32 அங்குலம், அதாவது 2.4 மி.மீ., ரிம் விளிம்பில் அளந்தது. மெஷின் டிகிரியில் கேட்கும்: மொத்தம் ஏறத்தாழ 0.36, சக்கரத்துக்கு 0.18. வாகனப் பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பச்சை சிவப்பைப் பார்க்க வேண்டாம், இந்த எண் வரட்டும் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்கிற கடை நல்ல கடை. ஒத்துக்கொள்ளாவிட்டால் வண்டியை இறக்கிக்கொண்டு வேறு இடம் போய்விடலாம்.

பழைய ஷெட்டுகளில் இருக்கிற கம்பி கேஜ் இன்னொரு வழி. இரண்டு முனையிலும் கூர்முள் வைத்த நீளக் கம்பி, அவ்வளவுதான். டோவை மட்டும் காட்டும், ஆனால் டோ மட்டும்தான் நீங்கள் திருப்பப் போகிறீர்கள் என்பதால் அதுவே போதும். இந்த வண்டிகளிலேயே காலம் தள்ளின மெக்கானிக் கையில் அது இருந்தால் எனக்கு மெஷினைவிட அவர் மேல் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் கேஜை எடுப்பதற்கு முன்னால் அவர் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார், ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் வண்டியை ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பார். அவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, எங்கே வைத்து அளக்கிறீர்கள் என்பது. மைனரின் அதே 2.4 மி.மீ. ரிம்மில் அளக்காமல் டயரின் பட்டன் நடுவில் அளந்தால் ஏறத்தாழ 3.7 மி.மீ. வரும். டயரில் அளந்து 2.4 வைத்தால் டோ குறைந்துபோகும்.

வீட்டில் நூல் கட்டி அளப்பதை இளப்பமாக நினைக்காதீர்கள், சமதளமான சிமென்ட் தரை மட்டும் இருந்தால் அரை மி.மீ. வரைக்கும் பிடிக்கலாம். வண்டியின் இரண்டு பக்கமும் ஹப் உயரத்தில், ஸ்டாண்டு வைத்து, ஒன்றுக்கொன்று இணையாக நூல் இழுங்கள். பின் டயரை ஒட்டி நூலைக் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கும். முன் அகலமும் பின் அகலமும் எல்லா வண்டியிலும் ஒன்றாக இருக்காது, மைனரில் முன்பக்கம் சுமார் 8 மி.மீ. அகலம் அதிகம், பக்கத்துக்கு 4 மி.மீ. இந்த வித்தியாசத்தைக் கழித்துத்தான் நூல் நிற்க வேண்டும்.

ரிம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஏமாறாமல் இருக்க ஒரு வழி: ரிம்மின் பின்பக்கம் ஹப் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள், வண்டியை முன்னோக்கித் தள்ளி அதே கோடு முன்பக்கம் வந்ததும் மறுபடி அதே இடத்தில் அளங்கள். பின்னோக்கி உருட்டி அளக்காதீர்கள், தளர்ச்சி எதிர்ப்பக்கம் சேர்ந்துவிடும். ராக் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பி, சுற்றை எண்ணி, சரிபாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்புங்கள். ஒரே பக்கம் திருப்பினால் டோ வந்துவிடும், ஆனால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், இடது வலது திருப்பமும் ஒன்றுபோல் இருக்காது. பெல்லோஸ் (ராக்கின் முனையை மூடியிருக்கிற மடிப்பு ரப்பர்) கிளிப்பைத் தளர்த்திவிட்டுத் திருப்புங்கள், இல்லையேல் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். ஹெரால்டில் இதற்கு முன்னால் ராக்கைப் பிடித்திருக்கிற ரப்பர் மவுன்ட்டைப் பாருங்கள், இன்ஜின் ஆயிலில் ஊறி நைந்திருந்தால் ராக்கே பக்கவாட்டில் நகரும், அதன்பின் டோ எந்த எண்ணிலும் நிற்காது.

கேம்பர் மட்டும் தப்பாக இருந்தால்

ஹெரால்டுக்காரர்களுக்கு இது சுலபம். லோயர் விஷ்போன் (கீழ்க் கை) பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) இருக்கிறது, அதைக் கூட்டிக் குறைத்து கேம்பரைக் கொண்டுவரலாம். முன் பிராக்கெட்டிலும் பின் பிராக்கெட்டிலும் சமமாக மாற்றினால் கேம்பர் மட்டும் மாறும், ஒன்றில் மட்டும் மாற்றினால் காஸ்டரும் சேர்ந்து நகரும். முடித்ததும் டோவை மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

ஷிம் இல்லாத வண்டிகளுக்குச் சில இடங்களில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து வளைத்துத் தருகிறேன் என்பார்கள். இதற்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள். ஐம்பது அறுபது வருஷம் பாரம் தாங்கிய இரும்பை வளைத்தால் அது எங்கே விரிசல் விடும் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கேம்பர் ஏன் மாறியது என்று தேடி, அந்தப் பாகத்தை மாற்றுவது ஒன்றுதான் வழி. அதுவரை ஒரு ஓரம் கொஞ்சம் தேய்ந்தால் தேயட்டும். இன்னொன்று, இந்த வண்டிகளுக்குப் பாசிட்டிவ் கேம்பர் பிறவியிலேயே உண்டு, வெளி ஓரம் லேசாக முந்தித் தேய்வதை நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டயரை எப்போது மாற்றுவது

எல்லா வேலையும் முடிந்த பிறகு. முன்னால் மாற்றினால் புது டயர் பழைய பிழைக்குப் பலியாகும். முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போடுவதையும் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், தேய்மானத்தின் தடயம் கலைந்துவிட்டால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

கிராஸ்பிளையா ரேடியலா என்றால், ஓட்டுவதற்கு ரேடியல்தான் என் தேர்வு. மைனருக்கு 145 ஆர் 14, ஹெரால்டுக்கு 145 ஆர் 13. ரோட்டைப் பிடிக்கும், ரயில் தண்டவாளம் மாதிரி கீறல் விழுந்த ரோட்டில் கிராஸ்பிளை போல் அலையாது. நிற்கும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும். டோ-இன்னைக் கையேட்டு எண்ணின் குறைந்த பக்கம் வைத்துக்கொள்ளலாம், ரேடியலுக்கு அவ்வளவு தேவைப்படாது. காட்சிக்கு வைக்கிற வண்டி, அசல் தோற்றம் முக்கியம் என்றால் கிராஸ்பிளை. எக்காரணம் கொண்டும் முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று கலந்து போடாதீர்கள், வளைவில் பின்பக்கம் விட்டுவிடும். வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். பழைய அளவுகள் கடையில் வருஷக்கணக்கில் கிடந்து வரும், பட்டன் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

ஆக, கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது, எதை முதலில் செய்வது? சக்கரத்தை ஆட்டிப் பார்த்ததில் ஆட்டமே இல்லை, ரம்பப் பல் மட்டும் இருக்கிறது என்றால் கேஜோ நூலோ போதும், அன்றைக்கே முடிந்துவிடும். ஆட்டம் இருந்தால் மொத்தப் பணத்தையும் கிங் பின், ட்ரனியன், புஷ் மேல் போடுங்கள், பழைய டயரோடேயே கொஞ்ச நாள் ஓட்டலாம், பட்டன் மிச்சம் இருக்கிறவரை. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, எங்கேயோ இடித்த வண்டி என்று சந்தேகம், அல்லது இப்போதுதான் யாரிடமிருந்தோ வாங்கியிருக்கிறீர்கள் என்றால் மெஷினில் ஒருமுறை ஏற்றி எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு எதையும் திருப்ப விடாதீர்கள். இழுக்கிறதா என்று பார்க்கும்போது ஒரு விஷயம், நம் ரோடு இடப்பக்கம் சரிந்திருக்கும், எல்லா வண்டியும் இடது பக்கம் லேசாகப் போகத்தான் செய்யும், சமமான இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வேலை முடிந்த வண்டியை ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டோவை மறுபடி அளந்து பாருங்கள், புது புஷ் உட்கார்ந்ததில் கொஞ்சம் மாறியிருக்கும். கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டிக்குச் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கியிருக்கும்போது கிரீஸ் அடியுங்கள், அப்போதுதான் பாரம் அழுத்துகிற முகத்துக்கும் அது போய்ச் சேரும். மைனருக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறையாவது.